மருத்துவத்தின் நான்காம் கூறு

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யும் இடத்தில், மருத்துவத்தை வள்ளுவர் நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பணிபுரிபவர் என்பன அவை. முதல் மூன்றைப் பற்றியும் நூல்கள் பல எழுந்துள்ளன. நான்காம் கூறாகிய பணியாளரின் வரலாறோ பெரிதும் எழுதப்படாமலே கிடக்கிறது. அவ்வரலாற்றில் நம் மக்களின் உழைப்பும் கலந்திருத்தலால், அதனை எழுதும் கடமை நமக்கு உண்டு.

செவிலியர்

சங்க இலக்கியத்தில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்தெடுத்த தாய். அத்தகு பெருமைக்குரிய பெயரைத் தாங்கிய தொழில், நம் நாட்டில் தொடங்கிய காலத்தில் இழிவாகவே கருதப்பட்டது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871ஆம் ஆண்டில் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. வேலூரில் 1900ஆம் ஆண்டில் ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், 1909இல் செவிலியர் பள்ளியை நிறுவினார். ஆயினும் பயில வந்தோர் சிலரே. இரத்தமும் சீழும் மலமும் தொடுவது தீட்டு என்று சாதி கூறிற்று. இரவில் வெளியே தங்கிப் பணிபுரிவது பெண்ணுக்கு அடாது என்று குடும்பம் கூறிற்று. அக்காலத்தில் இத்தடைகளைத் தாண்டி வந்தோருள் ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவப் பெண்டிருமே மிகுதி. அக்கிறித்தவப் பெண்டிருள் ஒடுக்கப்பட்ட குடிகளிலிருந்து வந்தோரும் இருந்தனர். பிறர் தொட மறுத்த உடலைத் தொட்டுத் துடைத்த கைகள் அவை.

1926ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் செவிலியரையும் மருத்துவச்சியரையும் பதிவு செய்து, அவர் தொழிலுக்கு உரிய நிலையை அளித்தது. எனினும் 1946இல் போர் குழு தன் அறிக்கையை அளித்தபோது நாடு முழுவதும் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருந்தனர். 6,300 மக்களுக்கு ஒரு மருத்துவர் என்ற நிலையில், 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்பதே அன்றைய கணக்கு. மருத்துவரினும் செவிலியர் குறைந்திருந்த இவ்விந்தை நிலைக்குச் சாதியும் ஒரு காரணம் என்பதை நாம் மறத்தலாகாது.

கம்பவுண்டரும் ஆயாவும்

சிற்றூர் டாக்டரின் மருந்தகத்தில் செவிலியர் இருப்பது அக்காலத்தில் அரிது. அங்கே கம்பவுண்டரே வலக்கை. நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த சீசாவில் மிக்சர் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்டக் காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுப்பார். 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் இத்தொழிலுக்குப் படிப்பையும் பதிவையும் வேண்டிற்று. கைப்பழக்கத்தால் கற்றவரின் காலம் மெல்ல மறைந்தது.

அவருக்கும் கீழே ஆயாவும் துப்புரவுப் பணியாளரும் இருந்தனர். கண்ணாடி ஊசிக்குழலைக் கழுவிக் கொதிநீரில் இடுதல், பிரசவ அறையைக் கழுவுதல், கட்டுத்துணியை அகற்றுதல் ஆகியன அவர் பணிகள். அவர் பெயர் எப்பதிவேட்டிலும் இல்லை. 1986ஆம் ஆண்டில் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். பின்னர், ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகள் பரவின. நோயாளிக்கு அது காப்பாயிற்று. எறிந்த ஊசியோ குப்பை அள்ளுபவரின் விரலுக்கு இடராயிற்று. மருத்துவக் கழிவு பற்றிய விதிகள் 1998இல் வந்தன. கழிவைக் கையாளுவோர்க்கு மஞ்சள் காமாலை, இரணசன்னி ஆகியவற்றுக்கு எதிரான தடுப்பூசி இடவேண்டும் என்ற தெளிவான கட்டளைக்கு 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. இந்தப் பதினெட்டு ஆண்டுத் தாமதம் யாருடைய உயிரின் விலை எவ்வளவு என்று மதிப்பிடப்பட்டது என்பதைச் சொல்லாமற் சொல்லும்.

படிகளும் தடைகளும்

ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்ற திட்டம், கிராமச் சுகாதாரச் செவிலியரைச் சேரியின் வாசலுக்கும் அழைத்து வந்தது. தடுப்பூசியும் கருவுற்றோர் கவனிப்பும் அவர் கைவழியே பரவின. தமிழகம் மகப்பேற்று மரணத்தைக் குறைத்த பெருமையில் அவர்க்கு உரிய பங்கு பெரிது.

எனினும் பணி உயர்ந்த அளவுக்கு ஊதியம் உயரவில்லை. 2015இல் தேர்வெழுதி அரசுப் பணிக்கு வந்த செவிலியர் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். நிரந்தரப் பணி வேண்டி 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் போராடினர். துப்புரவுப் பணியோ பலவிடங்களில் ஒப்பந்தக்காரர் கைக்கு மாறிவிட்டது.

இங்கே ஒன்று சிந்திக்கத்தக்கது. மருத்துவக் கல்லூரி இடம் பற்றிய செண்பகம் துரைராசன் வழக்கில் 1951இல் வகுப்புவாரி ஆணை வீழ்ந்தது. அவ்வாண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து இடஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. அவ்வழியே நம் பிள்ளைகள் மருத்துவராயினர். ஆனால் ஆயாவின் மகள் ஆயாவாகவும் துப்புரவாளரின் மகன் துப்புரவாளராகவும் நின்றுவிடும் நிலை இன்னும் முற்றும் ஒழிந்திலது.

எத்தொழிலும் இழிவன்று, பிறப்பால் ஒருவர்மேல் சுமத்தப்படுவதே இழிவு. ஆகவே, கல்விப் பணியில் இருபத்தைந்து ஆண்டு கண்ட நாம் இரண்டைச் செய்தல் வேண்டும். இன்று துடைப்பம் ஏந்தும் கைக்குக் கையுறையும் தடுப்பூசியும் நியாயமான ஊதியமும் கேட்டுப் பெறுதல் ஒன்று. அக்கைகள் வளர்க்கும் பிள்ளைகள் செவிலியராக, மருந்தாளுநராக, மருத்துவராகத் தாம் விரும்பிய படியில் ஏறப் பள்ளிப் பருவத்திலேயே அறிவியற் கல்வி அளித்தல் மற்றொன்று. நான்காம் கூறு இன்றி மருத்துவம் இல்லை. அக்கூறாய் நின்றவர்க்கு ஏனைய கூறுகளிலும் இடம் உண்டென்று நாட்டுவதே நம் கல்விப் பணியின் பொருள்.