பிகட் பிரபு கைது (1776)

சென்னப்பட்டணத்துக் கவர்னர் ஜார்ஜ் பிகட்டை அவருடைய கவுன்சில் உறுப்பினர்களே படையை ஏவிப் பிடித்துப் பரங்கிமலையில் காவலில் வைத்த நிகழ்ச்சி பிகட் பிரபு கைது எனப்படுகிறது. கைது நடந்த நாள் 1776 ஆகஸ்ட் 24. எட்டரை மாதத்துக்குப் பின், 1777 மே 11 அன்று, விடுதலை பெறாமலேயே பிகட் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏடுகளைப் புரட்டினால் கவர்னர் பெரியவரா, கவுன்சில் பெரிதா என்ற தகராறாகவே இது தெரியும். தகராறுக்கு அடியில் இருந்தது ஒரு கடன் பாக்கி. பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி ஊழியர் தஞ்சை நாட்டிலிருந்து தனக்கு வரவேண்டும் என்று கோரிய 2,34,000 பவுன்தான் அது.

நவாபின் கடன்

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா கம்பெனிப் படையின் தயவால் பட்டத்துக்கு வந்தவர். போர்ச் செலவை அவர் தலையிலேயே கம்பெனி கட்டியது. அந்தக் கடனை அடைக்க, கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கைநீட்டினார் நவாப். 36 விழுக்காடு வரை போன வட்டி பிறகு 25 ஆகவும் 20 ஆகவும் இறங்கியது. ஈடாக அவர் கொடுத்தது நகையோ வீடோ அல்ல, ஊர்களின் வரி வருவாய். இன்ன சீமையின் இந்தப் போக மகசூலில் இவ்வளவு உமக்கு என்று சீட்டு எழுதிக் கொடுப்பார். சீட்டு வாங்கியவர் ஆளை அனுப்பிக் களத்துமேட்டிலேயே வசூலிப்பார்.

கடன் கொடுத்தவர்களில் பலர் கோட்டைக்குள் உட்கார்ந்து அரசு நடத்தியவர்களே. நவாபுக்கு எந்த நாடு சேரவேண்டும், எந்த வரி போகவேண்டும் என்று காலையில் கவுன்சிலில் வாக்களித்துவிட்டு, மாலையில் அதே நவாபின் வட்டிக் கணக்கைப் பார்க்கலாம். இதை ஊழல் என்று சொல்ல அன்றைய சட்டத்தில் தெளிவான விதி இல்லை. 1763-இல் நவாப் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த செங்கல்பட்டுச் சீமையின் கதையும் இதிலிருந்து விலகியதல்ல. தாம்பரம் உள்ளிட்ட ஊர்கள் அடங்கிய அந்தச் சீமையை நவாபே குத்தகைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு 1780 வரை வசூலித்துவந்தார்.

1764-இல் சென்னைக்கு வந்த பென்ஃபீல்டின் சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுன். ஆனால் கட்டட ஒப்பந்தத்திலும் வட்டித் தொழிலிலும் அவர் கை ஓங்கியது. சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் அவர்தான் என்று சொல்லப்படுவதும் உண்டு.

தஞ்சை

1773-இல் கம்பெனிப் படை தஞ்சாவூரைப் பிடித்து மராட்டிய மன்னர் துளஜாவை இறக்கி, நாட்டை நவாபிடம் கொடுத்தது. கடன்காரர்களுக்கு இது நல்ல காலம். காவிரிப் பாசனத்தின் நெல் இப்போது ஈட்டுக்குள் வந்துவிட்டது. லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்கு இந்தக் காரியம் பிடிக்கவில்லை. மன்னரை மீண்டும் அமர்த்தும்படி 1775-இல் உத்தரவிட்டு, அதை நிறைவேற்ற பிகட்டை அனுப்பினார்கள்.

பிகட் சென்னைக்குப் புதியவர் அல்லர். பதினெட்டு வயதை ஒட்டி எழுத்தராக வந்து, 1755 முதல் 1763 வரை கவர்னராக இருந்தவர். 1758–59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது தாக்குப்பிடித்த பெருமை அவருக்கு உண்டு. ஊர் திரும்பியபோது 4 லட்சம் பவுன் கொண்டுபோனதாகப் பேச்சு இருந்தது. அவர் பெயராலேயே அழைக்கப்பட்ட வைரம் ஒன்று பிற்காலத்தில் குலுக்கல் சீட்டில் விற்கப்பட்டது. ஊழலை எதிர்த்து நின்ற தூயவராக அவரை வரைய முயல்கிறவர்கள் இந்த முதல் பதவிக்காலத்தைக் கொஞ்சம் வேகமாகவே கடந்துபோகிறார்கள். அவருடைய தம்பி ராபர்ட் 1775 ஜூனில் பாஸ்டனுக்கு அருகே பங்கர் ஹில் சண்டையில் அமெரிக்கக் கிளர்ச்சியாளர்களோடு மோதிய பிரிட்டிஷ் தளபதிகளில் ஒருவர். அண்ணன் வேறொரு கண்டத்தில் தன் சொந்த அதிகாரிகளின் கிளர்ச்சியைச் சந்திக்க இன்னும் ஓராண்டுதான் இருந்தது.

1775 டிசம்பரில் பொறுப்பேற்ற பிகட், 1776 ஏப்ரல் 11 அன்று தஞ்சைக்கே போய்த் துளஜாவை அரியணையில் அமர்த்தினார். அதைச் சிறிது காலம் தள்ளிப்போட்டாலே போதும் என்று 10 முதல் 15 லட்சம் வராகன் வரை தன் அண்ணனுக்குக் கையூட்டு பேசப்பட்டது என்று இன்னொரு தம்பி, அட்மிரல் ஹியூ பிகட், பின்னாளில் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

கவர்னர் திரும்பிவந்ததும் பென்ஃபீல்டின் மனு வந்தது. நவாப் தனக்கு எழுதிக்கொடுத்த தஞ்சை வருவாய் 1,62,000 பவுன், தஞ்சைக் குடிமக்களுக்குத் தான் கொடுத்த கடன் 72,000 பவுன். இரண்டும் வேண்டும். சான்று போதாது, இது தனியார் கணக்கு என்று கவுன்சில் முதலில் தள்ளிவிட்டது. சில வாரங்களில் காற்று திசைமாறியது. நவாபின் ஆட்சியில் விதைத்த பயிர் நவாபுக்கே சொந்தம், ஆகவே அவர் எழுதிக்கொடுத்த சீட்டும் செல்லும் என்று பெரும்பான்மை தீர்மானித்தது. முதலில் மறுத்தவர்களில் சிலர் ஏன் மனம் மாறினார்கள் என்பதுதான் இந்த விவகாரத்தின் முடிச்சு. அவர்களுக்கும் நவாபின் கடனில் பங்கு இருந்தது என்று குற்றச்சாட்டு எழுந்தது.

அடுத்த சண்டை, தஞ்சைக்கு யாரை அனுப்புவது என்பதில். பிகட் கிளாட் ரஸ்ஸல் என்பவரைச் சொன்னார். பெரும்பான்மை கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை. தஞ்சையில் உட்காருகிறவர் கையில்தான் அறுவடை என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

கைது

கவர்னர் ஒப்பமிடாவிட்டாலும் தங்கள் தீர்மானம் செல்லும் என்று பெரும்பான்மை சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று ஜார்ஜ் ஸ்ட்ராட்டன், ஹென்றி புரூக் ஆகிய கவுன்சில் உறுப்பினர் இருவரையும் பிகட் இடைநீக்கம் செய்தார். மறுநாள் படைத்தலைவர் சர் ராபர்ட் பிளெட்சரைக் கைதுசெய்ய உத்தரவிட்டார். பிளெட்சர் நோயில் கிடந்ததால் படைப்பொறுப்பு ஸ்டூவர்ட்டிடம் போனது. எதிர்த்தரப்பு கவர்னரைக் கைதுசெய்யும்படி அவருக்குக் கட்டளை எழுதிக்கொடுத்தது.

24-ஆம் தேதி ஸ்டூவர்ட் காலைச் சாப்பாட்டையும் பகல் விருந்தையும் பிகட்டோடு சேர்ந்தே உண்டார். மாலையில் இருவரும் ஒரே வண்டியில் கோட்டையைவிட்டுத் தோட்ட மாளிகைக்குப் புறப்பட்டார்கள். வண்டி தீவுத்திடலைக் கடக்கும்போது முன்பே ஏற்பாடு செய்திருந்த அதிகாரிகள் வழிமறித்தார்கள். கவர்னரை வேறு வண்டியில் ஏற்றிப் பரங்கிமலைக்குக் கொண்டுபோய்ப் பீரங்கிப் படையின் மேஜர் ஹார்ன் பொறுப்பில் விட்டார்கள். கோட்டைக்குள் கைதுசெய்யாமல் வெளியே வரும்வரை காத்திருந்ததில் கணக்கு இருக்கிறது: கோட்டை எல்லைக்குள் கவர்னரே காவல்படையின் தலைவர், அங்கே அவர்மீது கைவைத்தால் அது படைக்கலகம் ஆகிவிடும்.

ஸ்ட்ராட்டன் ஆட்சியை எடுத்துக்கொண்டார். கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸ் தலைமையிலான அரசும் அதை ஏற்றது. கடற்படைத் தளபதி எட்வர்ட் ஹியூஸ் மன்னரின் பெயரால் பிகட்டைத் தம்மிடம் ஒப்படைக்கக் கேட்டும் பயனில்லை. பிகட் பக்கம் நின்ற சிலரில் கடல்வரைபட வல்லுநர் அலெக்சாண்டர் டால்ரிம்பிளும் ஒருவர்.

1777 ஏப்ரலில் பிகட்டின் உடல்நிலை கெட்டதால் தோட்ட மாளிகைக்கு மாற்றினார்கள். அங்கேயே இறந்தார். சாவு விசாரணை நடத்திய ஜூரிகள் சிறைவைத்தவர்கள்மீது கொலைக்குற்றம் சாட்டினார்கள். அந்த வழக்கு நிற்கவில்லை. நஞ்சுவைத்தார்கள், அடித்தார்கள் என்பதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. லண்டனில் கம்பெனியோ அவரை மீண்டும் பதவியில் அமர்த்தவும், உடனே இரு தரப்பையும் திருப்பி அழைக்கவும் முடிவெடுத்திருந்தது. உத்தரவு கப்பலேறி வந்துசேர்வதற்குள் உரியவர் இல்லை.

வழக்கும் பின்விளைவும்

ஹியூ பிகட்டின் முயற்சியால் 1779 டிசம்பரில் ஸ்ட்ராட்டன், புரூக், சார்லஸ் பிளாயர், ஜார்ஜ் மெக்கே ஆகிய நால்வர்மீது லண்டன் மன்னர் மன்றத்தில், மான்ஸ்ஃபீல்ட் பிரபு முன்னிலையில் வழக்கு நடந்தது. குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. தண்டனை ஆளுக்கு 1,000 பவுன் அபராதம். கோட்டையில் சேர்த்த சொத்தோடு ஒப்பிட்டால் அது அவர்களுக்குச் சுண்டைக்காய். விசாரிக்கப்பட்டது கவர்னரை அடைத்துவைத்த செயல் மட்டுமே. கடன் நியாயமானதா, வாக்களித்தவர்கள் அதில் பங்குதாரர்களா என்ற கேள்வி நீதிமன்றத்தின் முன் வரவில்லை. சென்னைக்கு அடுத்து வந்த கவர்னர் தாமஸ் ரம்போல்டும் சில ஆண்டுகளில் நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டுக்குப் பதில்சொல்ல வேண்டியிருந்தது. அவர்மீது கொண்டுவரப்பட்ட மசோதாவும் பாதியில் கைவிடப்பட்டது.

பென்ஃபீல்ட் 1780-இல் கிரிக்லேட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1781-இல் கம்பெனி அவரை வேலையில் மறுபடி சேர்த்துச் சென்னைக்கே அனுப்பியது. பிற்காலத்தில் லண்டனில் நடத்திய வணிக நிறுவனம் நொடித்துப்போய், 1810-இல் பாரிசில் வறுமையில் இறந்தார்.

கடன் கேள்வியை உரக்கக் கேட்டவர் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க். 1785 பிப்ரவரி 28 அன்று அவர் ஆற்றிய உரை ஏரிகளைப் பற்றியும் பேசியது. பர்னார்ட் என்ற அளவையாளர் வரைந்த செங்கல்பட்டு ஜாகீர்ப் படத்தை விரித்துவைத்து, அதிலிருந்த ஏரிகளைத் தாமே எண்ணி 1,100-க்கு மேல் என்றார். தமிழ்நாட்டைக் கண்ணால் பார்த்திராத ஓர் ஐரிஷ்காரர் தாம்பரம் பக்கத்து ஏரிகளைப் படத்தில் ஒவ்வொன்றாக எண்ணியதற்குக் காரணம் உண்டு: வட்டிக்காரர் கைக்கு வரி போனால் கரையைப் பராமரிக்கப் பணம் இருக்காது என்பது அவர் வாதம்.

வாதம் தோற்றது. 1777-இல் ஒன்றாகத் திரட்டப்பட்டது உள்ளிட்ட பழைய கடன்களை கம்பெனியை மேற்பார்த்த பிரிட்டிஷ் அரசின் கட்டுப்பாட்டு வாரியம் விசாரணையின்றி ஏற்க, நவாப் ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் கட்ட ஒப்புக்கொண்டார். 1801-இல் நவாபின் நாடான கர்நாடகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சமிருந்த கோரிக்கைகளை ஆராய 1805-இல் ஒரு கமிஷன் அமைந்தது. அதன்முன் வந்த தொகை 3 கோடி பவுனுக்கு மேல். சீட்டுகளைப் பிரித்துப் பார்த்துப் பார்த்து 1830 வரை உட்கார்ந்த கமிஷன், அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட உண்மையான கடனாக ஏற்கவில்லை.