விடுமுறை நாளில் வேலை: தேர்தல் நாளும் அரசு ஊழியர் வாக்கும்

தேர்தல் நாளை அரசு ஊழியர்களுக்குப் பொது விடுமுறையாக்குவது பற்றிய விவாதம் அமெரிக்காவில் இன்னும் தீரவில்லை. 1845ஆம் ஆண்டுச் சட்டப்படி, நவம்பரின் முதல் திங்கட்கிழமையை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை அங்கே அதிபர் தேர்தல் நடக்கிறது, அது வேலைநாள். 2019இல் கீழவை நிறைவேற்றிய தேர்தல் சீர்திருத்த மசோதா, அந்த நாளைக் கூட்டாட்சி ஊழியர்களுக்கு விடுமுறையாக்க முனைந்தது. அரசு ஊழியருக்குச் சம்பளத்தோடு இன்னொரு விடுமுறையா என்று மேலவைப் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல் எதிர்த்தார். வர்ஜீனியா மாநிலமோ 2020இல் லீ, ஜாக்சன் ஆகிய தளபதிகளின் நினைவு நாளை எடுத்துவிட்டு, தேர்தல் நாளை விடுமுறைப் பட்டியலில் சேர்த்தது.

ஆதரிப்பவர், எதிர்ப்பவர் இருவருமே இந்த விடுமுறையை ஊழியருக்குக் கிடைக்கும் சலுகையாகத்தான் பார்க்கிறார்கள். அத்தகைய விடுமுறை நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் அனுபவம் வேறொன்றைக் காட்டுகிறது. அரசு அலுவலகத்தின் தேர்தல் விடுமுறை, அடிப்படையில் தேர்தலை நடத்துவதற்கான நிர்வாக ஏற்பாடு. அதனால் ஊழியரின் வாக்குரிமை பாதுகாக்கப்பட்டுவிடுவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரண்டு விடுமுறைகள்

வாக்குப்பதிவு நாளில் அரசு அலுவலகங்களும் வங்கிகளும் மூடப்படுவது 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் வெளியாகும் அறிவிக்கையால். தனியார் நிறுவனங்களுக்கு வேறு சட்டம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996இல் சேர்க்கப்பட்ட 135பி பிரிவு, வாக்குரிமை உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் அன்று சம்பளத்துடன் விடுப்புத் தரச் சொல்கிறது. தினக்கூலிக்காரர் அன்றைய கூலியை இழக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை.

சட்டம் எங்கே பலமாக இருக்க வேண்டுமோ அங்கே இளைத்திருக்கிறது. மாதச் சம்பளம் உறுதியான அரசு ஊழியருக்கு விடுமுறை தானாக வருகிறது. கட்டடத் தொழிலாளி அன்றன்று மேஸ்திரி கூப்பிட்டால்தான் வேலைக்குப் போகிறார். யாரிடம் போய் அன்றைய கூலியைக் கேட்பார்? உணவு கொண்டுசேர்க்கும் இளைஞரை நிறுவனம் ‘பங்குதாரர்’ என்றுதான் எழுதிவைத்திருக்கிறது. தொழிலாளி என்ற சொல்லுக்குள்ளேயே வராதவருக்கு 135பி எட்டாக்கனி.

விடுமுறையும் வாக்குப்பதிவும்

விடுமுறை விட்டால் வாக்குப்பதிவு உயரும் என்பது பொதுவான நம்பிக்கை. 2024 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, மாநிலம் முழுவதற்கும் ஒரே விடுமுறை. தருமபுரியில் ஏறத்தாழ 81 விழுக்காடு வாக்குகள் பதிவாயின. மத்திய சென்னையிலும் தென் சென்னையிலும் 54 விழுக்காட்டை ஒட்டியே நின்றன. நகரத்து வாக்காளர் பட்டியலில் வீடு மாறியவர், ஊரில் இன்னொரு பெயர் வைத்திருப்பவர் எனப் பலர் கலந்திருந்ததால் இந்த இடைவெளி முழுவதையும் வாக்காளரின் அலட்சியம் என்றும் சொல்லிவிட முடியாது. எப்படியிருந்தாலும், ஒரே அளவு ஓய்வு இரு இடங்களில் இவ்வளவு வேறுபட்ட விளைவைத் தந்திருப்பதால், வாக்குப்பதிவைத் தீர்மானிப்பது ஓய்வுநேரம் மட்டுமல்ல என்பது தெளிவு.

சாவடிக்குள் இருப்பவர்

அப்படியானால் அலுவலகங்களை ஏன் மூட வேண்டும்? தேர்தலுக்குக் கட்டடமும் ஆளும் தேவை. 2024இல் தமிழ்நாட்டில் 68 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குச்சாவடிகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை பள்ளி வகுப்பறைகள். சாவடிக்கு ஒரு தலைமை அலுவலர், மூன்று வாக்குப்பதிவு அலுவலர்கள் என்று கணக்கிட்டாலே 2.7 லட்சம் பேர் வேண்டும். முந்தைய நாளே பெட்டிகளோடு போய் இறங்கி, வகுப்பறையில் படுத்தெழுந்து, ஏழு மணி வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முகவர்கள் எதிரில் மாதிரி வாக்குப்பதிவை நடத்துகிறவர் ஆசிரியரோ வருவாய்த் துறை ஊழியரோதான். நாட்காட்டியில் சிவப்பாக இருக்கும் அந்த நாள் அவருக்கு ஆண்டிலேயே மிக நீண்ட வேலைநாள்.

அவருடைய வாக்குக்குச் சட்டம் இரண்டு வழிகள் வைத்திருக்கிறது. பணியிடம் தன் தொகுதிக்குள்ளேயே அமைந்தால், படிவம் 12ஏ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்று பெற்று, பணியாற்றும் சாவடியிலேயே வாக்களிக்கலாம். இல்லாவிட்டால் படிவம் 12 கொடுத்துத் தபால் வாக்கு. ஊழியரைச் சொந்தச் சட்டமன்றத் தொகுதியில் பணியமர்த்தாமல் இருப்பது வழக்கம். மக்களவைத் தேர்தலில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்து ஒரு தொகுதி என்பதால் பணிச் சான்று பலருக்குக் கைகொடுக்கும். சட்டமன்றத் தேர்தலில் அந்தக் கதவு அடைபட்டு, தபால் வாக்கு ஒன்றே மிஞ்சுகிறது.

ராதாபுரம் சொல்வது

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் அ.தி.மு.க.வின் ஐ.எஸ். இன்பதுரை, தி.மு.க.வின் மு. அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றார். அங்கே 203 தபால் வாக்குகள் செல்லாதவையாக ஒதுக்கப்பட்டிருந்தன. உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் இட்ட நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் அல்லர் என்பது காரணம். அந்தச் சான்றொப்பம் செல்லும் என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறி மறு எண்ணிக்கைக்கு ஆணையிட்டது. எண்ணிக்கை நடந்தது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்து 2021 தேர்தலும் வந்தது.

வெற்றி வித்தியாசத்தைப்போல் நான்கு மடங்கு வாக்குகள் ஒரு கையெழுத்தின் தகுதியில் சிக்கிக்கொண்டன. அவற்றைச் செலுத்தியவர்கள் நேரமில்லாமல் வாக்கை இழக்கவில்லை. வாக்களித்த பிறகு இழந்தார்கள். எத்தனை நாள் விடுமுறை கொடுத்தாலும் இந்த இழப்பு ஈடாகாது. தேர்தல் பணியாளர், தபால் வாக்குக்கென அமைக்கப்படும் வசதி மையத்திலேயே வாக்களிக்க வேண்டும் என்ற 2023ஆம் ஆண்டு விதித்திருத்தம் சான்றொப்பச் சிக்கலைப் பெருமளவு குறைக்கும். கடைசி நேரத்தில் பணியாணை வாங்கியவர், படிவம் தரத் தவறியவர் ஆகியோரின் நிலை அதனால் மாறாது. தபால் வாக்குகள் தனிக் கணக்காகவே வெளிவருவதால், அரசு ஊழியர் மொத்தமாக எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று கட்சிகள் ஊகிக்க இடமும் இருக்கிறது. சாதாரண வாக்காளருக்கு இந்தச் சங்கடம் இவ்வளவு இல்லை.

முடிவுரை

அலுவலகங்களுக்கு விடுமுறை தொடரட்டும். பள்ளியும் ஆளும் அதனால்தான் கிடைக்கின்றன. அதை ஊழியருக்கான சலுகை என்று எண்ணிப் போற்றவோ பழிக்கவோ வேண்டியதில்லை. திருத்தம் மூன்று இடங்களில் வேண்டும்: பணியாணையோடு சேர்த்தே தபால் வாக்குரிமையையும் விண்ணப்பமின்றி வழங்குவது, தபால் வாக்குகளைப் பிற வாக்குகளோடு சேர்த்து வெளியிடுவது, 135பி பிரிவின் 500 ரூபாய் அபராதத்தை உயர்த்தி, செயலிவழி வேலை செய்பவரையும் அதன் வரம்புக்குள் கொண்டுவருவது. முதல் இரண்டும் சாவடிக்குள் உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கு. மூன்றாவது, அன்றைய கூலியை நினைத்துச் சாவடிப் பக்கம் வராமலே போகிறவருக்கு.