மூன்று அஞ்சும் ஒரு திருத்தமும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே 555 டைமர் பற்றி ஒரு பதிவு போட்டிருந்தேன். அதில், "உள்ளே மூன்று 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பதால்தான் 555 என்று பெயர்" என்று ரொம்ப நம்பிக்கையோடு எழுதியிருந்தேன். தப்பு. அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவை ஆரம்பித்தேன். ஆனால் திருத்தப் போன இடத்தில் என் மேஜையில் மூன்று நாளாகக் கிடந்த வேறொரு தகராறுக்கும் விடை கிடைத்ததால் பதிவு நீண்டுவிட்டது.

முதலில் தகராறு. ஒரு 555, ஒரு 74எல்எஸ்90 கவுன்ட்டர், ஒரு 7447, ஒரு ஏழு துண்டு டிஸ்ப்ளே. பாலிடெக்னிக் லேபில் எல்லோரும் செய்திருக்கும் சர்க்யூட்தான். 555-இல் 1 கிலோ ஓம், 33 கிலோ ஓம், 10 மைக்ரோ ஃபாரட். வினாடிக்கு இரண்டு துடிப்பு வரும், டிஸ்ப்ளே 0-இலிருந்து 9 வரை எண்ணும். எண்ணியது. ஆனால் அவ்வப்போது 3-க்கு அப்புறம் 5, 7-க்கு அப்புறம் 9. பத்து சுற்று ஒழுங்காக ஓடும், பதினோராவது சுற்றில் ஒரு எண்ணை விழுங்கிவிடும்.

கவுன்ட்டரை மாற்றினேன், அப்படியே இருந்தது. 555-ஐ மாற்றினேன், அதிலும் அப்படியே. மூன்றாவது 555-ஐப் போட்டபோது, "எல்லாம் டூப்ளிகேட் சரக்கு" என்று முடிவு கட்டி, வாங்கின கடைக்காரரை மனசுக்குள் திட்டியும் முடித்துவிட்டேன். மல்டிமீட்டரில் பார்த்தால் 5 வோல்ட் அசையாமல் நிற்கிறது. மல்டிமீட்டர் காட்டுவது சராசரி என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் கை சோர்ந்த நேரத்தில் நினைவுக்கு வராது. கடைசியில் டப்பாவில் ஒரு டிஎல்சி555 கிடந்தது, அது சீமாஸ் வகை. அதைச் செருகியதும் தாவல் நின்றுவிட்டது. கால்கள் அதே, ரெசிஸ்டர் அதே. அப்படியானால் பழைய 555-இன் வயிற்றுக்குள்தான் ஏதோ இருக்கிறது. அது என்ன என்று தேடப் போய்த்தான் அதைச் செய்தவரின் கதைக்குள் நுழைந்தேன்.

ஹான்ஸ் கமென்சிண்ட் சுவிட்சர்லாந்துக்காரர். 1960-இல் அமெரிக்கா போனார். 1968-இல் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் இருந்த சிக்னெட்டிக்ஸ் கம்பெனியில் சேர்ந்து, ஃபேஸ் லாக்டு லூப் சிப்புகளில் வேலை பார்த்தார். அதற்காக அவர் செய்த ஆஸிலேட்டரின் அதிர்வெண் மின்வழங்கல் ஏறினாலும் இறங்கினாலும் மாறாது. 1970-இல் தொழிலே மந்தமாகி, சிக்னெட்டிக்ஸ் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. கமென்சிண்ட் அந்த நேரத்தில் தானாகவே வேலையை விட்டு வெளியே வந்து, ஒரு யோசனையோடு திரும்பப் போய் நின்றார்: அந்த ஆஸிலேட்டரையே வைத்து எதற்கும் பயன்படுகிற ஒரு டைமர் சிப் செய்கிறேன், தனியாளாக, ஒப்பந்தத்தில், கருவிகளை மட்டும் இரவல் கொடுங்கள்.

உள்ளே இருந்த இஞ்சினியர்களுக்கு இது பிடிக்கவில்லை. நாம் ஏற்கெனவே விற்கிற பாகங்களைச் சேர்த்தாலே ஒரு டைமர் வந்துவிடுமே, இதற்குத் தனியாக ஒரு சிப் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான் என்று எனக்கும் தோன்றுகிறது. அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. மார்க்கெட்டிங் மேலாளர் ஆர்ட் ஃப்யூரி மட்டும் சரி என்றார். 555 என்ற எண்ணைக் கொடுத்ததும் அவர்தான். அந்த எண் அவருக்குப் பிடித்திருந்தது, அவ்ளோதான். மூன்று 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பது தற்செயல் என்று கமென்சிண்டே சொல்லியிருக்கிறார். என் பழைய பதிவு இதோடு ரத்து.

1971 கோடையில் முதல் வடிவத்தை எல்லோரும் உட்கார்ந்து பரிசீலித்தார்கள். பிழை இல்லை என்று பாஸும் செய்தார்கள். அதில் கெபாசிட்டரை நிரப்புவதற்கு நிலையான மின்னோட்டம் தரும் ஒரு பகுதி உள்ளேயே இருந்தது. அதனால் வெளியே ஒன்பது கால் தேவைப்பட்டது. அன்றைக்கு எட்டுக் கால் பெட்டி உண்டு, அடுத்தது பதினாலு கால். ஒரே ஒரு காலுக்காகப் பெரிய பெட்டி, கூடுதல் விலை.

சில நாள் கழித்து அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. அந்த நிலையான மின்னோட்டம் தேவையா? ஒரு சாதாரண ரெசிஸ்டர் போதாதா?

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், 555-இன் உயிரே இதில்தான் இருக்கிறது. ரெசிஸ்டர் வழியாக நிரம்பும் கெபாசிட்டர் நேர்கோட்டில் ஏறாது. முதலில் வேகமாகவும் போகப் போக மெதுவாகவும் ஏறும். மின்வழங்கல் கூடினால் ஏறும் வேகமும் கூடும். அப்போ நேரம் தப்பாகாதா? ஆகாது. உள்ளே இருக்கும் அந்த மூன்று சம ரெசிஸ்டர்கள் மின்வழங்கலை மூன்று பங்காக்கி, மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என இரண்டு எல்லைக்கோடு போடுகின்றன. மின்வழங்கல் 5 வோல்ட்டிலிருந்து 10 ஆனால் கெபாசிட்டர் இருமடங்கு வேகமாக ஏறும், ஆனால் எல்லைக்கோடுகளும் இருமடங்கு உயரத்துக்குப் போயிருக்கும். ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோட்டுக்குப் போக எப்போதும் 0.693 பெருக்கல் ஆர்சி. ஒரு தடவை மட்டும் ஓடும் இணைப்பில் பூஜ்யத்திலிருந்து மேல்கோடு வரை, சுமார் 1.1 பெருக்கல் ஆர்சி. ஃபார்முலாவில் வோல்டேஜே கிடையாது! அந்த ரெசிஸ்டர்கள் சரியாக 5 கிலோ ஓம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, மூன்றும் ஒன்றுக்கொன்று சமமாக இருந்தால் போதும். ஒரே சிலிக்கான் துண்டில் பக்கத்துப் பக்கத்தில் செய்யும் ரெசிஸ்டர்களில் துல்லியமான மதிப்பு கிடைப்பது கஷ்டம், சமம் கிடைப்பது சுலபம்.

ஒன்பது கால் எட்டானது. திருத்திய வடிவத்துக்கு இரண்டாவது பரிசீலனை நடந்தது, அக்டோபர் 1971-இல் மாதிரிகள் தயார். இதற்குள் முதல் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு இஞ்சினியர் வெளியேறித் தனிக் கம்பெனி ஆரம்பித்து, அந்த ஒன்பது கால் வடிவத்தையே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். 1972-இல் எட்டுக் கால் 555 வந்ததும் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அவர் எடுத்துக்கொண்டு போனது மாற்றத்துக்கு முந்தின வடிவம், பாவம்.

என் கவுன்ட்டருக்கு வருவோம். 555-இன் வெளியீட்டில் இரண்டு பக்கம் உண்டு. மேல் பக்கம் வெளியீட்டை மின்வழங்கலை நோக்கி இழுக்கும், கீழ் பக்கம் தரையை நோக்கி இழுக்கும். ஒன்று விழித்திருந்தால் மற்றது தூங்க வேண்டும். ஆனால் 200 மில்லி ஆம்பியர் தாங்கும்படி செய்த கீழ் ட்ரான்சிஸ்டர் முழுக்க நிறைந்து கிடக்கும், சொன்னவுடனே அணையாது. அது அணைவதற்குள் மேல் பக்கம் விழித்துக்கொள்ளும். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்கு இரண்டும் திறந்து, மின்வழங்கலிலிருந்து தரைக்கு நேர்வழி. பிரெட்போர்டில் நான் போட்டிருந்த நீள ஒயர்களுக்கு இண்டக்டன்ஸ் உண்டு, திடீரென்று அவ்வளவு மின்னோட்டத்தைத் தராது. அதனால் அந்த இடத்தில் 5 வோல்ட் ஒரு கணம் பள்ளத்தில் விழுந்து எழுகிறது. இறங்கும் விளிம்பில் எண்ணுவது 7490-இன் வழக்கம். ஏறும்போது நடுவில் விழுந்த அந்தச் சறுக்கலும் அதற்கு ஒரு இறக்கம்தான், எண்ணிவிட்டது. சீமாஸ் 555-இல் இந்த மோதல் மிகச் சிறிது, அதனால்தான் அங்கே தாவல் இல்லை.

மருந்து டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது: 8-ஆம் காலுக்கும் 1-ஆம் காலுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக், கூடவே ஒரு எலக்ட்ரோலிட்டிக். ஒயரின் மறுமுனையில் 7805 பக்கத்தில் வைத்தால் புண்ணியமில்லை, சிப்பின் காலை ஒட்டி வைக்க வேண்டும். 5-ஆம் காலில் தரைக்கு ஒரு 0.01-ம் போடுங்கள். மேல் எல்லைக்கோடு வெளியே தெரியும் இடம் அதுதான், அங்கே இரைச்சல் புகுந்தால் கோடே ஆடும். நாம் பார்க்கும் சர்க்யூட் படங்களில் பாதியில் இவை இருக்காது. படம் வரைபவர்களுக்கு ஒயரின் நீளம் தெரியாதில்லையா.

கமென்சிண்ட் 1997-இல் செடெக்ஸ் கம்பெனிக்காக இதே டைமரை மறுபடி வடிவமைத்தார், 0.9 வோல்ட் வரை ஓடும்படி. காலடுக்கு அப்படியே, உள்ளே எல்லாம் புதுசு. அது பழையதை அசைக்கவில்லை. அனலாக் சிப் வடிவமைப்பு பற்றி அவர் எழுதிய புத்தகத்தை இணையத்தில் இலவசமாகவே வைத்தார். 2012-இல் இறந்தார்.

நேற்று ராத்திரி பழைய 555-ஐயே திரும்பச் செருகி, இரண்டு கெபாசிட்டரையும் காலை ஒட்டிப் போட்டு, ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எழுந்து காபியோடு உட்கார்ந்து நாற்பது சுற்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் தாவவில்லை. டூப்ளிகேட் என்று குப்பை டப்பாவில் போட்டிருந்த மற்ற இரண்டையும் எடுத்துச் செருகிப் பார்த்தேன். அவையும் ஒழுங்காகவே எண்ணுகின்றன.