நாடு போனா முகவரியும் போகும்

போன வாரம் ஆபீஸ்ல ஒரே பஞ்சாயத்து. நாலு கண்டத்துல கடை விரிக்கப் போற பிராண்டு ஒண்ணுக்கு டொமைன் எடுக்கணும். டாட் காமை யாரோ முன்னாடியே வளைச்சுப் போட்டுட்டாங்க. "டாட் ஐஓ எடுத்துடலாம். இன்புட், அவுட்புட், பாக்க கெத்தா இருக்கும்"னு டீம்ல முக்காவாசிப் பேர். நான் மட்டும் வேணாம்னேன். ஏன்னு சொல்ல யூகோஸ்லாவியா வரைக்கும் போகணும். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே.

இரண்டெழுத்து டொமைன் எல்லாமே நாட்டுக்கோ பிரதேசத்துக்கோ உரியது. எது நாடுன்னு தீர்மானிக்கற வம்பு நமக்கெதுக்குன்னு ஜான் போஸ்டல் ஐஎஸ்ஓ 3166 பட்டியலை அப்படியே எடுத்துக்கிட்டார். புத்திசாலி மனுஷன். ஆனா பட்டியல்ல இருந்தே பேர் போயிட்டா?

யூகோஸ்லாவியாவுக்கு 1989ல டாட் ஒய்யு கிடைச்சது. நிர்வாகம் ஸ்லோவேனியாவுல. 1991ல ஸ்லோவேனியா தனி நாடாயிடுச்சு, சாவி மட்டும் அங்கயே இருந்தது. வீடு ஒருத்தரோடது, சாவி பிரிஞ்சு போன பங்காளிகிட்ட! 1994லதான் பெல்கிரேடு பல்கலைக்கழகத்துக்குக் கைமாறிச்சு. 2006ல செர்பியாவும் மாண்டினீக்ரோவும் பிரிஞ்சதும் ஆளுக்கொரு புது டொமைன். 2010 மார்ச் 30 அன்னிக்கு டாட் ஒய்யுவை ரூட்ல இருந்தே தூக்கிட்டாங்க. அதுல முடியற பழைய சுட்டி எதைத் தட்டினாலும் இப்ப எங்கயும் போகாது.

நாடு சாகணும்னுகூட இல்ல. பிரெக்ஸிட்டுக்கு அப்புறம், 2021 ஜனவரி 1ல பிரிட்டன்காரங்க பல ஆயிரம் பேரோட டாட் ஈயூ முகவரி முடங்கிப்போச்சு.

இப்ப டாட் ஐஓ. அது இன்புட்டும் இல்ல, அவுட்புட்டும் இல்ல. பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம், அதாவது சாகோஸ் தீவுகள். டியகோ கார்சியாவுல அமெரிக்க ராணுவத் தளம் வரணும்னு 1968லேர்ந்து 1973க்குள்ள அங்க இருந்த சனத்தை மொத்தமா மொரீஷியஸுக்கும் செஷல்ஸுக்கும் துரத்திட்டாங்க. நாம கெத்துக்கு ஒட்டிக்கற ரெண்டெழுத்து அவங்க ஊரோடது. 2025 மே 22ல தீவுகளை மொரீஷியஸுக்குக் கொடுக்க பிரிட்டன் கையெழுத்து போட்டுது. அது நடைமுறைக்கு வந்து, பட்டியல்ல இருந்து அந்தப் பேரும் போனா, டொமைனை மூட வழக்கமான கெடு 5 வருஷம். அதுக்குள்ள மெயில், விளம்பரம், அட்டைப்பெட்டி எல்லாத்துலயும் முகவரி மாத்தணும்.

கடைசியில பேருக்கு முன்னாடி இன்னொரு வார்த்தை சேத்து டாட் காமே வாங்கினோம். மேனேஜருக்கு இன்னும் வருத்தம்தான், லோகோல நாலெழுத்து கூடிப்போச்சாம் :-)