கல்லில் எழுதிய மலரும் நீர்வேலிப் பிள்ளையாரும்

நீர்வேலியில் கோயில்களுக்குக் குறைவில்லை. கந்தசுவாமி கோயில் உண்டு, வாய்க்கால்தரவைப் பிள்ளையார் உண்டு, ஒழுங்கைக்கு ஒழுங்கை வைரவரும் அம்மனும் உண்டு. அவற்றுள் அரசகேசரிப் பிள்ளையார் கோயிலுக்கு ஒரு தனிமை இருக்கிறது. அது தன் பெயரிலேயே ஒரு மனிதரைத் தாங்கி நிற்கிறது. யாழ்ப்பாணத்து அரசகுலத்தில் பிறந்தவரும், காளிதாசனின் இரகுவமிசத்தைத் தமிழிலே காவியமாகப் பாடியவருமான அரசகேசரி இந்தப் பிள்ளையாரை எழுந்தருளச் செய்தார் என்று எங்கள் ஊர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறது. கும்பிடப் போகிற சிறுவனும் ஒரு புலவரின் பெயரைச் சொல்லித்தான் கோயிலுக்கு வழி கேட்க வேண்டும். ஓர் ஊருக்கு இது சிறிய பேறன்று.

அரசகேசரி வாழ்ந்த காலம் யாழ்ப்பாண அரசின் கடைசிக் காலம். 1591இல் போர்த்துக்கேயர் நல்லூரின் மேல் படையெடுத்து எதிர்மன்னசிங்கனை அரசுகட்டிலில் ஏற்றினார்கள். அவன் 1617இல் இறந்தபோது மகன் சிறு குழந்தை. குழந்தைக்காக ஆட்சியை ஏற்கவிருந்த அரசகேசரி என்ற இளவரசனையும் வேறு அரசகுலத்தவரையும் கொன்றுவிட்டுச் சங்கிலி குமாரன் ஆட்சியைப் பிடித்தான் என்று போர்த்துக்கேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த இளவரசனும் இரகுவமிசம் பாடிய புலவரும் ஒருவரே என்று கருதுவோர் உண்டு. அப்படியானால் நம் பிள்ளையாரை எழுந்தருளச் செய்தவர், தம் குலத்தின் முடிவுக்கு இரண்டே ஆண்டுகள் முன்னே அதே குலத்தவன் கையால் இறந்தவர். 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே தெ ஒலிவேரா வந்தான். யாழ்ப்பாண அரசு முடிந்தது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. குடாநாடு முழுவதும் கோயில்கள் தரைமட்டமாயின. அவற்றின் கற்கள் வேறு சுவர்களுக்குள் போயின. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் கிடைத்த இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டுத் துண்டொன்று, எத்தனை கோயில்களின் எழுத்து அப்படி மறைந்திருக்கும் என்று எண்ண வைக்கிறது.

கல்வெட்டு எஞ்சிய இடத்தில் என்ன தெரியவருகிறது என்பதற்குத் தொலைவு போக வேண்டாம், மாதோட்டம் போதும். சோழர் காலத்தில் இராசராசபுரம் என்று பெயர் பெற்றிருந்த அந்தத் துறைமுகத்தில் தாழிகுமரன் என்பவர் இராசராச ஈசுவரம் என்ற கோயிலை எடுப்பித்து, விளக்குக்கும் விழாவுக்கும் நிவந்தம் விட்டதைக் கல் சொல்கிறது. அதே ஊரின் திருவிராமீசுவரத்துக்கு விளக்கெரிக்க வைத்த பொருளைப் பொறுப்பேற்றவர்களில் எண்ணெய் வாணியரான சங்கரபாடியாரும் வெற்றிலை வாணியரும் வாழைக்காய் வாணியரும் வருகிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வாழைக்காய் வியாபாரிகள்! செம்மண்ணில் வாழை வைத்து, குலை வெட்டி, சந்தைக்கு ஏற்றி, அந்தக் காசில் திருவிழா உபயம் செய்கிற நீர்வேலியார் எவருக்கும் அந்த வரி உறவினர் எழுதிய கடிதம்போல இருக்கும். அரசர் பெயரை வரலாற்று நூல்கள் எப்படியும் காப்பாற்றிவிடும். வாழைக்காய் விற்றவரைக் காப்பாற்றியது கோயில் கல்லொன்றே.

இவ்வகைக் கல்லெழுத்தில் நான் அறிந்தவற்றுள் தலைசிறந்தது தமிழ்நாட்டிலும் இல்லை, ஈழத்திலும் இல்லை. தாய்லாந்தின் கிழக்கு எல்லையில், சா கேயோ மாகாணத்தில், கம்போடியாவை ஒட்டி நிற்கும் ஸ்டொக் கோக் தோம் என்ற பழைய கெமர் சிவன் கோயிலில் இருந்தது அது. இப்போது பாங்கொக்கில் இருக்கிறது. நான்கு பக்கமும் எழுத்துள்ள மணற்கல் தூண், உயரம் 1.51 மீற்றர். அதில் 340 வரிகள். 194 வரி வடமொழி, 146 வரி பழைய கெமர் மொழி. காலம் கி.பி. 1053. கோயிலின் பிரதிட்டையை ஒட்டி எழுதப்பட்ட அதனை நான் ஒரு கும்பாபிஷேக மலர் என்றே சொல்வேன். நாம் தாளில் அச்சிடுவதை அவர்கள் கல்லில் வெட்டினார்கள்.

அந்த மலர் யாருடைய கதையைச் சொல்கிறது? ஒரு குருமார் குடும்பத்தின் கதையை, இரண்டரை நூற்றாண்டுக் கதையை. 802இல் இரண்டாம் ஜெயவர்மன் மகேந்திர பர்வதத்தில், இன்றைய குலேன் மலையில், தன்னைப் பேரரசனாக நிறுவும் கிரியையைச் செய்வித்தான். இரணியதாமன் என்ற பிராமணர் அதை நடத்தி, வீணாசிகம், நயோத்தரம், சம்மோகம், சிரச்சேதம் என்ற நான்கு நூல்களையும் சிவகைவல்யர் என்ற குருவுக்கு ஓதுவித்தார். அன்றுமுதல் அரசரின் குலகுருப் பணி சிவகைவல்யரின் குடும்பத்துக்கு ஆயிற்று. உரிமை தாய்வழியில் மருமக்களுக்கு இறங்கியது. யார் எந்த அரசனுக்குக் குருவாயிருந்தார், யார் எந்த ஊரை நிறுவினார், எங்கே குளம் வெட்டினார், எங்கே அணை கட்டினார், எந்தக் காணியின் எல்லை எது என்று கல் வரிசையாகச் சொல்லிப் போகிறது.

இடிந்ததையும் அது மறைக்கவில்லை. முதலாம் சூரியவர்மன் ஆட்சிக்கு வந்த காலத்துச் சண்டையில் அக்குடும்பத்தின் ஊர்களில் திருவுருவங்கள் தகர்க்கப்பட்டன. சதாசிவர் என்ற குரு அவற்றை மறுபடி நிறுவினார். அரசன் விருப்பப்படி அவர் துறவை விட்டு, அரசியின் தங்கையை மணந்து, உயர்ந்த பட்டங்கள் பெற்றார். அடுத்து வந்த இரண்டாம் உதயாதித்தவர்மன் காலத்தில் இக்கோயில் நிறைவெய்தியது. ஒரு குடும்பம் தன் கோயிலில் தன் பெருமையை எழுதிக்கொண்டது என்று சிலர் குறை சொல்லலாம். எனக்கு அந்தக் குறை தோன்றவில்லை. அவர்கள் எழுதாதிருந்தால் கெமர் அரசின் தொடக்கம் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி இல்லாமற் போயிருக்கும்.

கோயிலின் அமைப்பையும் சொல்ல வேண்டும். கிழக்கு நோக்கிய சந்நிதி. கிழக்கே பெரிய நீர்நிலை, அங்கிருந்து இரு பக்கமும் கல்நடுகைகள் வரிசையாக நிற்கும் நடைபாதை, அடுத்து செம்புரைக்கல்லால் எழுப்பிய வெளிமதில், மதிலுக்குள் அகழி, உள்ளே மணற்கல் சுற்றுமண்டபம், நடு முற்றத்தில் சிவலிங்கம் எழுந்தருளியிருந்த கோபுர விமானம். அதன் முன்னே இரு புறமும் சிறு கட்டடங்கள் இரண்டு, ஆய்வாளர் 'நூலகம்' என்று பெயரிட்டவை. செம்புரைக்கல் மண்ணிலிருந்து வெட்டும்போது மென்மையாக இருந்து காற்றுப்பட இறுகும். ஆதலால் மதிலுக்கும் அத்திவாரத்துக்கும் அதுவே வசதி. நுட்பமான செதுக்குவேலைக்கு மணற்கல். கல்லுக்கு மேல் கல்லைச் சிறிது சிறிதாக முன்தள்ளி அடுக்கிக் கூரையை மூடுவார்கள். இவ்வகைக் கூரை அகலமாக விரியாது. அதனால்தான் கெமர் கோயில்களில் மண்டபங்கள் ஒடுங்கி நீள்கின்றன, ஆயிரம் பேர் கூடி நின்று கும்பிடும் பெருமண்டபம் அங்கே இல்லை. அங்கோர் வாட்டின் 190 மீற்றர் அகல அகழியையும் 65 மீற்றர் நடுக்கோபுரத்தையும் வியக்கிறவர்கள்கூட உள்ளே நடந்தால் இந்த ஒடுக்கத்தை உணர்வார்கள்.

கெமர் நாட்டாரும் தமிழரும் ஒருவரையொருவர் அறியாதவர்களல்லர். காம்போச அரசன் இராசேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. காம்போச அரசன் காட்சியாகத் தந்த கல்லொன்று தில்லைக் கோயிலில் வைக்கப்பட்டதை 1114ஆம் ஆண்டுக் குலோத்துங்கன் கல்வெட்டுச் சொல்கிறது. 967இல் பிரதிட்டையான பந்தேய் ஸ்ரேய் கோயிலில் ஆடுகிற சிவனின் காலடியில் எலும்புருவாக அமர்ந்திருக்கும் பெண்ணைக் காரைக்கால் அம்மையார் என்று அறிஞர் அடையாளம் காட்டுவர். காரைக்காலில் பிறந்த அம்மை கடல் கடந்து கெமர்ச் சிற்பியின் உளிக்கு எட்டியிருக்கிறார் என்று நினைக்கையில் மெய் சிலிர்க்கிறது.

ஈழத்தில் ஸ்டொக் கோக் தோம் எழுந்த அதே நூற்றாண்டின் கற்கோயில் ஒன்று முழுமையாக நிற்கிறது. பொலன்னறுவையில், சோழர் சனநாதமங்கலம் என்று பெயரிட்ட அந்நகரில், வானவன்மாதேவி ஈசுவரம். அத்திவாரம் தொடங்கிச் சிகரம் வரை கல். அதிராசேந்திரன் காலக் கல்வெட்டு அங்கே விளக்கெரிக்க விட்ட நிவந்தத்தைச் சொல்கிறது. தஞ்சைப் பாணியின் சிறிய, கட்டான வடிவம். தொல்லியல் திணைக்களம் அதை எண்ணிட்டு 'இரண்டாம் சிவ தேவாலயம்' என்கிறது. சுற்றுலா போகிற நம்மவர்கள் அதன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நம் குடாநாட்டிலோ கருங்கல் கிடையாது. நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். பதினெட்டாம் நூற்றாண்டில், போர்த்துக்கேயருக்குப் பின் வந்த ஒல்லாந்தரின் பிடி தளர்ந்தபின் மெல்ல மெல்லத் தலையெடுத்த கோயில்கள் முதலில் மண்சுவரும் கிடுகுமாயிருந்து, பின் பொழிகல்லும் சுண்ணாம்புச் சாந்துமாயின. நல்லூர்க் கோயிலே 1734இல் இரகுநாத மாப்பாண முதலியார் காலத்தில் மறுபிறப்பெடுத்தது. பனை வளையும் சிலாகையும் ஓடும் தாங்கிய மண்டபங்கள் வந்தன. மூலஸ்தானம், அர்த்தமண்டபம், மகாமண்டபம், ஸ்தம்பமண்டபம் என்று ஒரே நேர்கோட்டில் நீளும் அமைப்பு, பக்கத்தே சுவாமியை அலங்கரித்து எழுந்தருளச் செய்யும் வசந்தமண்டபம், வாயிலருகே உயர்ந்து நிற்கும் மணிக்கோபுரம், வீதியில் தேர்முட்டி, பக்கத்தில் கேணி. இது யாழ்ப்பாணத்துக்கே உரிய கோயில் முகம். விமானத்தின் உயரத்தைவிட, கூடி நிற்கிற அடியாருக்கு நிழல் தரும் மண்டபத்தின் அகலத்தையே நம் முன்னோர் பெரிதாக எண்ணினார்கள். கெமர்க் கோயிலில் ஒடுங்கியது இங்கே விரிந்தது. ஏனெனில் இங்கே கோயிலைக் கட்டியது அரசன் அல்ல, திருவிழாவுக்கு வந்து நின்ற ஊர்.

ஊர் கட்டியது என்றால் ஊரின் கணக்கு இருக்க வேண்டும். அது எங்கே? ஒல்லாந்தரின் காணிப் பதிவேடான தோம்பில் காணியின் பெயரும் உடையவர் பெயரும் உண்டு. பழைய உறுதிகளிலே கோயிலுக்கு எழுதிக்கொடுத்த பரப்புக் கணக்கு உண்டு. ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் உண்டு. எந்தத் திருவிழா எந்தக் குடும்பத்தின் உபயம் என்பது உபயகாரருக்குத் தெரியும். கெமர்க் கோயில்களிலும் வளர்பிறைக்கு ஒரு கூட்டம், தேய்பிறைக்கு ஒரு கூட்டம் என்று பணிமுறை வகுத்துப் பெயர்ப்பட்டியல் வெட்டினார்கள். நம் உபயமுறை அதற்கு இளைத்ததல்ல. ஆனால் அது வாயிலேயே இருக்கிறது. அந்த வாய்களில் பாதி இன்று கனடாவிலும் இலண்டனிலும் இருக்கின்றன.

எழுத்து நீர்வேலிக்குப் புதிதும் அன்று. 1829இல் இங்கு பிறந்த சங்கரபண்டிதர் வடமொழியும் தென்மொழியும் கரைகண்டவர். ஆறுமுகநாவலர் காலத்திலேயே சைவத்துக்காக எழுதியும் கற்பித்தும் வாழ்ந்தார். அவர் மகன் சிவப்பிரகாச பண்டிதரும் அவ்வழியே நின்றார். காவியம் பாடிய அரசகேசரியின் பெயரோடு தொடங்கி, கண்டன நூல் எழுதிய பண்டிதர் வரை எழுத்தாணி ஓயாத ஊர் இது. அப்படிப்பட்ட ஊரின் கோயில்களுக்கு ஒழுங்கான வரலாற்றேடு இல்லாதது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றும் மனத்தை வருத்துகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கொரு திருப்பணி என்பது ஆகமம் வகுத்த நல்ல முறை. ஆனால் பாலஸ்தாபனம் முடிந்தவுடன் பழைய மண்டபத்தை அடியோடு இடித்துக் கொன்கிரீட் தூண் எழுப்புகிற வழக்கம் குடாநாடு முழுதும் பரவிவிட்டது. இடிக்கும் முன் ஒரு படம் எடுப்பதில்லை, அளவு குறிப்பதில்லை. பொழிகல் தூணும், உபயகாரர் பெயர் வெட்டிய பலகையும் கல்லோடு கல்லாய் அத்திவாரத்துக்குள் போய்விடுகின்றன. ஒலிவேரா இடித்ததைச் சொல்லிச் சொல்லி வருந்துகிற நாம், நம் கையாலே பக்தியோடு இடிப்பதைப் பற்றிப் பேசாமலிருப்பது சரியல்ல.

ஸ்டொக் கோக் தோம் நமக்கு இன்னொரு வகையிலும் நெருங்கியது. 1979இல் கம்போடியாவிலிருந்து ஓடிவந்த பல்லாயிரம் அகதிகள் அந்தக் கோயிலைச் சுற்றித்தான் கொட்டில் போட்டுக் குடியிருந்தார்கள். நொங் சாமெத் முகாம் அது. போர் அங்கும் வந்தது, கண்ணிவெடி புதைந்தது. வெடி அகற்றிய பின்னரே தாய்லாந்துத் தொல்லியலார் கற்களை எடுத்து நிறுத்தி, கோயிலை மீட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்ததையும், 1996 ஏப்ரலில் திரும்பி வந்து பூட்டிய கதவைத் திறந்ததையும் கண்டவர்கள் அந்த முகாம் படங்களைப் பார்த்தால் ஒரு சொல்லும் விளக்கமாகச் சொல்ல வேண்டியிராது.

ஆகவே இந்தக் கும்பாபிஷேக மலருக்குப் பின் ஒரு வேலை இருக்கிறது. 1995இல் எந்தக் கோயிலில் பூசை எந்த நாள் நின்றது, திரும்பி வந்தபின் முதல் விளக்கை ஏற்றியவர் யார், மடைப்பள்ளிக் கிணற்றை இறைத்தவர்கள் யார் என்று அறிந்தவர்கள் எழுபதும் எண்பதும் கடந்துவிட்டார்கள். அவர்களை இருத்திக் கேட்டு எழுத வேண்டும். உறுதிகளைப் படியெடுக்க வேண்டும். உபயங்களைக் குடும்பம் குடும்பமாகப் பட்டியலிட வேண்டும். தவில், நாதசுரக் கலைஞர், சாத்துப்படி செய்தவர், தேர் செய்த தச்சர், மாலை கட்டியவர் எவரும் விடுபடக் கூடாது. மூலஸ்தானம் முதல் மணிக்கோபுரம் வரை அளந்து ஒரு வரைபடம் கீறுவதற்குத் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகள் இருவர் போதும். அந்த ஏட்டில் ஒரு படி கோயிலிலும், ஒரு படி ஊர் வாசிகசாலையிலும், ஒரு படி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்திலும் இருக்கட்டும். அடுத்த கும்பாபிஷேகத்துக்கு இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. எழுதத் தொடங்குவதற்கு அவ்வளவு காலம் தேவையில்லை.