கத்தரி வைத்திருக்கும் வைரஸ்



19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தை நடுங்க வைத்த நோய் வாந்திபேதி, அதாவது கொலரா. பற்றீரியாவைக் கொல்லும் வைரஸ் பற்றிய ஆரம்பத் தடயமும் அந்த நோயை ஆராய்ந்தபோதே கிடைத்தது.

1896இல் இந்தியாவின் ஆக்ராவில் பணியாற்றிய ஹாங்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனை நீரில் கொலராக் கிருமிகள் விரைவாக இறப்பதைக் கண்டார். நீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விட்டது. அது வைரஸின் வேலையாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் கருதினார்கள். 1917இல் பரிஸில் டெரெல் என்பவர் அப்படியான வைரஸ்களுக்கு 'பக்டீரியோபேஜ்' என்று பெயர் வைத்தார். சுருக்கமாக, பேஜ். 1927இல் அவரே பஞ்சாப்புக்கு வந்து கொலரா நோயாளிகளுக்கு அதை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். அன்டிபயோட்டிக் வந்ததும் பல நாடுகள் பேஜ் மருந்தைக் கைவிட்டன.

ஆனால் ஆய்வுகூடங்கள் பேஜ்களை விடவில்லை. டி2, டி4 என்பவை நெருங்கிய உறவுள்ள இரண்டு பேஜ்கள். 1950களில் இரண்டையும் ஒரே பற்றீரியாவுக்குள் விட்டுப் பார்த்தார்கள். வெளியே வந்த புதிய பேஜ்களில் இரண்டின் இயல்பும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். வந்ததோ பெரும்பாலும் டி4இன் இயல்பு.

இந்தப் புதிருக்கு ஒரு விடை 2002இல்தான் வந்தது. அமெரிக்காவின் அல்பனியில் டேவிட் ஷப்பின் குழு, டி4இடம் 'செக்எஃப்' என்ற நொதியம் இருந்து டி2இன் டீ.என்.ஏ. இழையைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டுவதைக் காட்டியது. வெட்டுப்பட்ட இழை பக்கத்திலுள்ள டி4இன் இழையைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்கிறது. அப்போது அந்தக் கத்தரியைச் செய்யும் பரம்பரை அலகும் சேர்ந்தே பிரதியாகிவிடுகிறது. நம் கொப்பியில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு, தன் கொப்பியைப் பார்த்து எழுதச் சொல்லும் பிள்ளையைப் போல!

இது நமக்கு எதற்கு? அன்டிபயோட்டிக்குக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதால் பேஜ் மருத்துவம் மீண்டும் பேசப்படுகிறது. டாக்காவில் வயிற்றோட்டம் வந்த சிறுவர்களுக்கு டி4 வகைப் பேஜ்களின் கலவையைக் கொடுத்துச் சோதித்தார்கள். 2016இல் முடிவு வெளியானது: தீங்கு தெரியவில்லை, ஆனால் வழமையான சிகிச்சையை விடக் கூடுதல் பயனும் இல்லை. உறவுப் பேஜ்களைக் கலந்து கொடுத்தால் அவை ஒரே கிருமிக்குள் சந்தித்து அலகுகளைக் கைமாற்றலாம். எதை எதோடு கலக்கிறோம் என்பதை முதலே அறிய இந்த ஆய்வு உதவும்.

அதுவரை நம் கையிலிருப்பது அன்டிபயோட்டிக்தான். வைத்தியரின் துண்டு இல்லாமல் பாமசியில் வாங்காதீர்கள். தந்ததைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வாசிக்கக் கொடுங்கள்.