செம்பனை வெறுங்குலையில் காய்கறித் தட்டு

மேரு, கிள்ளான் சந்தைகளில் வெண்டைக்காயும் தக்காளியும் இன்று பெரும்பாலும் நெகிழிப் பையில்தான் கைமாறுகின்றன. சிலாங்கூர் மாநிலம் 2017-இலேயே நெகிழிப் பைக்கு 20 காசு கட்டணம் விதித்து, பாலிஸ்டிரீன் உணவுக் கலன்களுக்கும் தடை போட்டது. 2030-க்குள் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழியை ஒழிக்கும் தேசியத் திட்டமும் 2018 முதல் உள்ளது. பழக்கம் மட்டும் மெல்லத்தான் மாறுகிறது.

மாற்று தோட்டப்புறத்திலேயே கிடக்கிறது. மலேசியாவில் செம்பனை முதன்முதலில் வணிக நோக்கில் நடப்பட்டது 1917-இல், கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில். (பெயர் தென்னையுடையது, வரலாறு செம்பனையுடையது!) ஆலைக்குப் போகும் ஒவ்வொரு டன் பழக்குலையிலும் 200 கிலோவுக்கு மேல் வெறுங்குலையாகத் திரும்புகிறது. அது முழுக்க நார்.

அதைக் கிழித்து, எண்ணெய்ப் பிசுக்கையும் மணலையும் நீக்கி, காரத்தில் வேகவைத்தால் கூழாகும். தண்ணீரில் கரைத்த அந்தக் கூழுக்குள் கம்பிவலை அச்சை இறக்கி உறிஞ்சினால் நார் வலைமேல் படியும். சூட்டில் அழுத்தினால் தட்டு தயார். முட்டைத் தட்டு செய்யும் அதே முறைதான். வெறுங்குலை நாரின் நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டரே என்பதால், உறுதிக்கு நீள நார்க் கூழும் சேர்ப்பதுண்டு.

சிக்கல் ஈரத்தில் இருக்கிறது. பறித்த பின்னும் காய் மூச்சுவிடுகிறது. நீராவியும் சூடும் வெளியேறுகின்றன. நெகிழிப் பையில் அந்த ஈரம் வியர்த்துத் தங்கி அழுகலுக்கு வழிவிடும். நார்த்தட்டு அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் உறிஞ்ச உறிஞ்சத் தானே தளர்ந்துவிடும். பத்துப் பெட்டி அடுக்கிய லாரியில் அடிப்பெட்டி நசுங்கினால் நட்டம் வியாபாரிக்கு. காற்றோட்டத்துக்குத் துளையிட வேண்டும். துளை கூடினாலோ பெட்டியின் வலு குறையும். பக்கப் பரப்பில் சுமார் 5 விழுக்காடு என்பது பெட்டி வடிவமைப்பாளர்களின் பொதுக்கணக்கு.

ஈரம் புகாதிருக்க நெகிழிப் பூச்சு பூசினால் தட்டு எளிதில் மக்காது. நீரும் எண்ணெயும் ஒட்டாமலிருக்கச் சில நார்க் கலன்களில் சேர்க்கப்பட்ட ஃபுளோரின் வேதிப்பொருள்களோ மண்ணிலும் நீரிலும் பல்லாண்டு சிதையாதவை. உணவுத்தாளில் அவற்றை டென்மார்க் 2020-இல் தடை செய்தது. ஆகவே ‘இயற்கை நார்’ என்ற முத்திரையை மட்டும் நம்பி வாங்குவது சரியல்ல. பூச்சு என்ன என்று கேட்க வேண்டும்.

தக்காளி, மாம்பழம், கத்தரிக்காய்க்குப் பூச்சில்லாத் தட்டே போதும். கழுவி ஈரத்தோடு விற்கும் கங்கோங் கீரைக்கு அது சரிவராது. அதற்கு வாழையிலையில் சுற்றிக் கட்டும் பழைய வழக்கமே மேல்.

தோட்டத்தார் அறிந்த இன்னொரு கணக்கும் உண்டு. வெறுங்குலை இப்போது வீணாகவில்லை. மரத்தடியில் பரப்பினால் பொட்டாசியம் மண்ணுக்குத் திரும்பும். தட்டுக்கென்று எடுத்துச்சென்றால் அந்த அளவு உரத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். தட்டின் விலையில் அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.